கல்லோடு ஒட்டி வருபவை: உப்புநீர்த் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் வாசலிலேயே கிடப்பதால், இராமநாதபுரம் பக்கம் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு சபலம் வரும். "கரையில்தானே கிடக்கிறது, ஒரு கல்லை எடுத்துப் போட்டால் என்ன?" முதல் தவறே அதுதான். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பவளக் கல், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்லை எடுத்துப் போனாலும் வழக்கு வரலாம். கல் வேண்டுமா, உரிய ரசீதோடு விற்பவரிடம் வாங்குங்கள்.

சரி, முறையாக வாங்கிய கல்லிலும் ஆள் இருக்கும். புழு, நண்டு, நத்தை, பாசி என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நான் பார்த்த வரையில், ஒட்டி வந்த உயிரியால் கெட்ட தொட்டிகளைவிட, அதைக் கண்டு பதறிச் செய்த வைத்தியத்தால் கெட்டவைதான் அதிகம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

பெரும்பாலும் அந்தப் பழி முள்புழுவின் மேல் விழுகிறது. இரவில் டார்ச் அடித்தால் கல் இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாக, இருபுறமும் வெள்ளை முடியோடு நீண்டு வரும். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் மீன் விட்டுவைத்த தீனியையும் செத்ததையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வது அதுதான். செத்த மீனை மொய்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, "புழுதான் மீனைக் கொன்றுவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் மீன் முன்பே செத்திருக்கும். புழு பெருகினால் தீனியைக் குறையுங்கள், தானாகவே குறையும். மருந்து ஊற்றி மொத்தமாகக் கொன்றால், கல்லுக்குள் அழுகும் புழுக்களிலிருந்து அம்மோனியா ஏறி மீனும் போய்விடும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த முடி கண்ணாடித் தூள் போலத் தோலில் முறிந்து நிற்கும். ஒட்டு டேப்பை ஒட்டி இழுத்தால் வந்துவிடும்.

உண்மையான வில்லன் ஏப்டேசியா. பழுப்பு நிறத்தில், பாதி ஒளி ஊடுருவும் சின்னக் கடல் சாமந்தி. நீளக் காம்பு, நுனி கூர்ந்த மெல்லிய விழுதுகள், தொட்டால் நொடியில் சுருங்கித் துளைக்குள் போய்விடும். விசிறிப்புழுவும் அப்படித்தான் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு இறகு மாதிரி விசிறி உண்டு, குழாய் வீடும் உண்டு. அது தீங்கற்றது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விசிறிப்புழுவைக் குத்திக் கொல்பவர்கள் நிறைய.

ஏப்டேசியாவை நகத்தால் சுரண்டுவது பெரிய தவறு. கல்லில் ஒட்டியிருக்கும் அடிப்பாதத்தின் துணுக்கு ஒன்று விட்டுப்போனாலும் அதிலிருந்து புதிதாக முளைக்கும். ஒன்றைச் சுரண்டினால் சில வாரத்தில் ஒரு கூட்டமே நிற்கும். இதற்குச் சுண்ணாம்புதான் எளிய வழி. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அதன் வாயின் மேல் மெதுவாக விடுங்கள். உணவென்று நினைத்து விழுங்கும். பொழுதுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், பி.எச். எகிறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று கேட்பார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ, வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்டேசியாவைத் தின்ன 'பெப்பர்மின்ட்' இறால் விடலாம். அந்தப் பெயரில் கூன் இறாலை வாங்கிவிடக் கூடாது. முதுகு கூனலாக, சிவப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இருக்கும் அது, நீங்கள் ஆசையாக வளர்க்கும் மென்பவளத்தையே கொறிக்கும்.

இரவில் தொட்டிக்குள் 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே மான்டிஸ் இறால் என்று கல்லையெல்லாம் பிரிக்க வேண்டாம். பிஸ்டல் இறாலும் அப்படித்தான் சொடுக்கும். அதற்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், தொந்தரவில்லை. மான்டிஸுக்குக் காம்புக் கண்கள், தனித்தனியாகத் திரும்பும். நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தால் சந்தேகம் உறுதி. கல்லை வெளியே எடுத்து, துளைக்குள் இனிப்பில்லாத சோடாவைச் சிரிஞ்சால் பீய்ச்சினால் வாளிக்குள் குதித்துவிடும். நம்மூர் கோலி சோடா போதும். பிறகு தொட்டித் தண்ணீரிலேயே கல்லை அலசிப் போடுங்கள். ஒளிந்திருக்கும் நண்டுக்கும் இதே வழிதான். ஆனால் பவளக் கிளைக்குள் வழவழப்பாக உட்கார்ந்திருக்கும் சின்ன டிரபீசியா நண்டை விட்டுவிடுங்கள், அது அந்தப் பவளத்துக்குக் காவல்காரன்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஒட்டி வந்தவை ஒழியட்டும் என்று கல்லைச் சட்டியில் போட்டு வேகவைக்காதீர்கள். கல்லில் பாலிதோவா, ஜோவாந்தஸ் என்ற, கூட்டமாக ஒட்டியிருக்கும் சின்னப் பூப்போன்ற உயிரிகள் இருந்தால் அவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். சூட்டில் அது அழியாது. ஆவியோடு மூச்சில் ஏறிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. முறிமருந்து கிடையாது. பிரஷ் வைத்துத் தேய்ப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் அதே ஆபத்துதான். அந்த வகைகளைத் தொட வேண்டியிருந்தால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு தென்பட்டாலும் அப்படியே. சில வகைகளின் ஊசிக் கொடுக்கு ஆளையே கொன்றிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் வழியாகவும் ஆட்கள் வருவார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கும், அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தெளிவாக இருக்கும். தென்மேற்குக் காற்றில் நேர்மாறு. இது மீன்பிடிக்காரருக்குத் தெரிந்த கணக்கு, தொட்டிக்காரருக்கும் உதவும். கடல் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றாமல், நுண்வலையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் சில நாள் இருட்டில் வைத்து, உப்பின் அளவு பார்த்தபின் ஊற்றுங்கள். மழைக்குப் பிறகு கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியும் உண்டு. கடல்மீன் வெண்புள்ளி நோயின் கூடு, கல்லிலும் நத்தை ஓட்டிலும் ஒட்டி வரும். மீனில்லாத தனித் தொட்டியில் கல்லைச் சுமார் 11 வாரம் வைத்தால் அது மீனைத் தேடி வெளிவந்து பட்டினியில் சாகும். அவ்வளவு பொறுமை பலருக்கு இல்லை, தெரியும். ஆனால் மீனில் நோய் வந்தபின் படும் பாடு இதைவிட நீளம்.

கடைசியாக, தொட்டியில் வேண்டாததைக் கடலில் விடும் பழக்கம். "கடலுக்குச் சொந்தமானதுதானே" என்பார்கள். அது எந்தக் கடலுக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். மத்தியதரைக் கடலில் 1984-ல் தென்பட்ட கௌலர்ப்பா பாசி, மொனாக்கோவின் ஒரு மீன்காட்சியகத்திலிருந்து தப்பியதாகவே பெரும்பாலும் நம்பப்படுகிறது. வேண்டாத உயிரியை ஃப்ரீசரில் உறையவைத்துக் குப்பையில் போடுங்கள். பாசியை நன்றாகக் காயவையுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ப்ளீச் கலந்து ஒருநாள் வைத்தபின் சாக்கடையில் ஊற்றுங்கள். கடலுக்குப் போகும் வாய்க்காலில் வேண்டாம்.