ரிப்பேர், பெயின்ட் வேலை நடக்குற வீட்லயே குடியிருக்கணுமா?

மொதல்ல ஒரு ரூமை தொடாம விடுங்க, பாய், துணி, அரிசி டப்பா, இண்டக்ஷன் ஸ்டவ் எல்லாம் அங்க போயிடணும், மிச்ச வீடு எக்கேடு கெட்டாலும் ராத்திரி தலைசாய்க்க ஒரு இடம் இருக்கும்ல. பெரிய தலைவலி பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி சுவத்துல பூசுற வெள்ளைப் பூச்சு) தேய்க்குற தூசிதான், உப்புத்தாள் வச்சு தேய்ச்சா மாவு மில்லு மாதிரி பறக்கும், எங்க வீட்ல மூடி வச்ச இட்லி மாவு மேலயே வெள்ளையா படிஞ்சு கெடந்துச்சு (அன்னிக்கு ஓட்டல்தான்). கதவிடுக்குல ஈரத்துணிய திணிச்சு, ஃபேனை நிறுத்திட்டு, மாஸ்க் போட்டு தேய்ங்க. பெருக்காதீங்க, ஈரத்துணில தொடைங்க. ஸ்விட்ச் போர்டு கழட்டுறதுன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டுதான். ஒரே பாத்ரூம்னா டைல்ஸ் ஒட்டுன அன்னிக்கு கால் வைக்க முடியாது, பக்கத்து வீட்டு அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. அப்புறம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் சென்னைல மழை, பட்டி சீக்கிரம் காயாது, பொங்கல் முடிஞ்சு ஆரம்பிங்க.