முதல் நாள் இரவு நிரம்பும் லாக் புக்

மருத்துவக் கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று தெரிந்ததும் பல துறைகளில் முதலில் தேடுவது பிஜி (முதுநிலை) மாணவர்கள் தாங்கள் செய்த வேலையை எழுதிவைக்கும் லாக் புக்கைத்தான். ஒரே இரவில், ஒரே பேனாவில், ஆறு மாதப் பக்கங்கள் நிரம்பிவிடும். பேராசிரியரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். எம்.டி., எம்.எஸ். பயிற்சியைத் துறையே சுயமதிப்பீடு செய்வதில் ஆகப் பெரிய தவறு இதுதான்.

பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று லாக் புக்கில் பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மகப்பேறு துறையில் ஒரு மாணவி "60 சிசேரியன்" என்று மொத்தமாக எழுதினால், அதில் 50 ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்ததாகவே இருக்கலாம். மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால், அடுத்த மாத ஓ.டி. (அறுவை அரங்கு) பட்டியலில் அவரை எங்கே போடுவது என்று புரிந்துவிடும். மூன்றாம் வருடக் கடைசியில் பார்த்து என்ன பயன்?

அப்புறம், கருத்துக் கேட்கும் விதம். ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறையில் மாணவரை நிற்க வைத்துக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். தீசிஸில் கையெழுத்துப் போடப்போகிறவரிடம் யார் குறை சொல்வார்கள்? அமெரிக்காவில் மருத்துவர் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ என்ற அமைப்பு, பயிற்சி மருத்துவர்களிடம் ஆண்டுதோறும் பெயர் இல்லாமல் கருத்துக் கேட்கிறது. பயிற்சியை மதிப்பிடும் குழுவிலும் அவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நாம் குறைந்தபட்சம் வேறு துறைக்காரர் ஒருவரை விட்டுக் கேட்கலாம்.

டூட்டி நேரத்தைக் கணக்கிடாமல் விடுவதும் சகஜம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் 'நியாயமான' வேலை நேரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு அதிகபட்சம் 80 மணி நேரம், நான்கு வாரச் சராசரியில். நம் விதியில் எண் இல்லை என்பதால் எண்ணவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. சுவரில் ஒட்டிய ரோஸ்டரை அப்படியே அறிக்கையில் சேர்க்காதீர்கள். போன வாரம் யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று கேட்டு எழுதுங்கள்.

பயிற்சியின் பகுதியாக மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருபவரிடம் வருகைச் சான்றிதழை மட்டும் வாங்கி வைக்கிறோம். அங்கே என்ன கற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, போன வருட அறிக்கையைத் திறக்காமலே புதிதாக எழுதுவது. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் முடிக்கும் தேதியும் வேண்டும். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று எழுதிய குறை அடுத்த வருடமும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.