வாயால் ஊதிச் செய்த ஒயின் கோப்பைகள்: தேர்வும் பராமரிப்பும்

மெல்லிய ஒயின் கோப்பைக்கு விருந்து மேசையைவிடக் கழுவுதொட்டியே பெரிய ஆபத்து; கழுவுவதைவிடவும் துடைப்பது ஆபத்தானது. ஆகவே கோப்பையை வாங்க எடுக்கும்போதே, அதை அன்றாடம் கழுவப்போகும் கையையும், வைக்கப்போகும் அலமாரியின் உயரத்தையும் மனத்தில் கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது. மேசைக்கு அழகாக இருந்தும் கழுவ முடியாத கோப்பை, நாளடைவில் அலமாரியை விட்டு வெளியே வராத காட்சிப் பொருளாகிவிடும்.

செய்முறை தெரிந்திருந்தால் தேர்வு எளிதாகும். கைவினைஞர் உலையில் உருகிக் கிடக்கும் கண்ணாடியைச் சிறிதளவு நீண்ட இரும்புக் குழலின் நுனியில் சுருட்டி எடுத்து, அதனுள் காற்றை ஊதி, நீரில் ஊறவைத்த மர அச்சுக்குள் இடைவிடாமல் சுழற்றியபடியே கிண்ணத்துக்கு வடிவம் கொடுக்கிறார். சுழற்சி நிற்காததால், அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தின் தடம் கண்ணாடியில் படிவதில்லை. தண்டைக் கிண்ணத்தின் அடியிலிருந்தே இழுத்து நீட்டுவதும் உண்டு, தனியே ஒட்டுவதும் உண்டு. அடித்தட்டு கடைசியில் சேர்கிறது. உள்ளே இறுக்கம் தங்காதபடி மெதுவாகக் குளிர்வித்த பிறகு, மேலே எஞ்சிய பகுதியை வெட்டி நீக்கி, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

இயந்திரக் கோப்பைகள் பலவற்றின் விளிம்பில் உதட்டில் உணரக்கூடிய தடித்த வளையம் ஒன்று இருக்கும். ஆனால் லேசரால் விளிம்பை வெட்டும் முறை வந்தபின், விளிம்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. தண்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று தட்டுப்பட்டால் அது இயந்திர அச்சின் தையல். ஒரே வகைக் கோப்பைகள் இரண்டை அருகருகே நிறுத்தினால், ஊதிச் செய்தவற்றில் உயரத்தில் மயிரிழை வேறுபாடு தெரியலாம். கிண்ணத்தில் ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழும் இருக்கலாம். இவற்றைக் குறையென்று கருத வேண்டியதில்லை. சமதளத்தில் வைக்கும்போது அடித்தட்டு ஆடுவதும், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தண்டு சாய்ந்திருப்பதும்தான் குறைகள்.

உயர்ரகக் கண்ணாடிக்கு வழங்கும் கிரிஸ்டல் என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயரான ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்று வளர்த்த ஈயக் கண்ணாடியே அந்தப் பெயரின் மதிப்புக்குப் பெரிதும் காரணம். ஐரோப்பிய விதிகளின்படி, ஈயக் கிரிஸ்டல் என்று விற்க 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். ஒயினின் அமிலம் ஈயத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கும் என்பதால், ஈயக் கண்ணாடிக் குடுவையில் ஒயினை நாள்கணக்கில் விட்டுவைப்பது கூடாது. ஒரு வேளை உணவுக்குக் கோப்பையில் இருக்கும் ஒயினில் இந்தக் கரைவு மிகக் குறைவு. ஆயினும் பேரியம், துத்தநாகம், டைட்டானியம் போன்றவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்த ஈயமில்லாக் கிரிஸ்டல் பளபளப்பிலும் மெலிவிலும் குறைந்ததல்ல என்பதால், புதிதாக வாங்குவோர் அதையே கேட்டு வாங்கலாம்.

ஒவ்வொரு ஒயினுக்கும் தனி வடிவம் என்ற எண்ணம், ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளவுஸ் ரீடல் 1973இல் ஊதிச் செய்த கோப்பை வரிசை ஒன்றை வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. வடிவம் ஒயினை நாக்கின் குறிப்பிட்ட பகுதியில் விழச் செய்கிறது என்ற பழைய விளக்கத்தை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். எல்லாச் சுவைகளையும் நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளும் உணர்கின்றன. மணத்தில்தான் வடிவத்தின் வேலை தெரிகிறது. டோக்கியோ ஆய்வாளர்கள் 2015இல் கோப்பைகளிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படமெடுத்தபோது, 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கோப்பையின் விளிம்பை ஒட்டி ஆவி வளையமாகத் திரண்டிருக்க, நடுப்பகுதியில் அது குறைந்திருந்தது. நேரான குவளையில் அந்த வளையம் காணப்படவில்லை. ஆகவே அடி அகன்று, வாய் சற்றுக் குறுகிய ஒரே வடிவம் பெரும்பாலான ஒயின்களுக்குப் போதும் என்பது என் கருத்து. 400 முதல் 550 மில்லி லிட்டர் கொள்ளளவு இருந்தால், மிக அகன்ற இடம் வரை மட்டும் ஊற்றி, தாராளமாகச் சுழற்றலாம். வாயின் அகலத்தையும் கவனியுங்கள்: ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவதற்காக, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1977இல் வரையறுத்த கோப்பையின் வாய் 46 மில்லி மீட்டர்தான், இரண்டு மூன்று விரல்களுக்கு மேல் உள்ளே போகாது.

இனி கழுவுதல். விருந்து முடிந்த இரவில், களைத்த கையோடு கழுவ வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசி, மேசையின் ஓரத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் காலையில் கழுவலாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தொட்டியின் அடியில் மடித்த துணியையோ ரப்பர் விரிப்பையோ போட்டு, குழாயின் மூக்கை ஒருபுறம் திருப்பிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கோப்பையை மட்டும் எடுங்கள். குளிர்ந்த வெள்ளை ஒயின் இருந்த கோப்பையில் உடனே வெந்நீர் ஊற்றினால், மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் சீராக விரியாமல் விரிசல் விடும். சோப்பு ஒரு சொட்டு, அதுவும் வாசனையற்றது, போதும். அதன் படலம் எஞ்சினால் ஸ்பார்க்ளிங் ஒயினின் நுரை நிற்காது. லிப்ஸ்டிக் கறையை விரல் நுனியில் சோப்பைத் தொட்டு விளிம்பில் தேய்த்தே அகற்றலாம்.

சொரசொரப்பான ஸ்க்ரப்பர் கூடவே கூடாது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. அந்த இழுவிசை கண்ணுக்குத் தெரியாத கீறலின் முனையில்தான் குவிகிறது. ஈரம் அக்கீறலை மெல்ல வளர்க்கவும் செய்யும் என்பதால், காரணமே இல்லாமல் உடைந்ததாகத் தோன்றும் கோப்பை பல நேரம் முன்பே கீறல் பட்டதாக இருக்கும்.

பலர் ஒரு கையால் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிண்ணத்துக்குள் துணியைத் திணித்துத் திருகித் துடைக்கிறார்கள். ஈரத் துணியைப் பிழிவது போன்ற இந்த அசைவில், சில மில்லி மீட்டர் கனமுள்ள தண்டு முழு முறுக்கத்தையும் ஏற்று முறிகிறது. கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே உள்ளங்கையில் துணியோடு ஏந்துங்கள். அடித்தட்டைத் துடைக்கும்போது அடித்தட்டை மட்டும் பிடியுங்கள். நூலிழை உதிராத மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு வைத்துக்கொள்வது வசதி. அவற்றை ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்துத் துவைத்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படியும்.

வெண்மை படர்ந்த கோப்பையில் சிறிது வினிகர் கலந்த நீரை ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். தெளிந்தால் அது கடினநீரின் சுண்ணப் படிவு. தெளியாவிட்டால், டிஷ்வாஷரின் வெப்பமும் காரச் சோப்பும் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிட்டன, அதற்கு மருந்தில்லை. டிஷ்வாஷரில் போடலாம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அப்படிப் போட்டாலும் குறைந்த வெப்பத்தில், ஒன்றோடொன்று உரசாத இடைவெளி விட்டுப் போடுங்கள்.

அலமாரியில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். கவிழ்த்தால் மிக மெல்லிய பகுதியான விளிம்பு எடையைத் தாங்குவதோடு, அலமாரியின் வாடையும் உள்ளே அடைபடும். அட்டைப்பெட்டியில் நெடுநாள் இருந்தவற்றை, மணம் போகும்வரை அலசிய பின்பே பயன்படுத்துங்கள். கோப்பையோடு கோப்பை தட்டி வாழ்த்துவோர் அகன்ற வயிற்றுப் பகுதிகளைத் தொடவிட்டால் போதும், விளிம்புகளை அல்ல.

விளிம்பில் சிறு சில்லு தெறித்தால், கண்ணாடி செதுக்கும் பட்டறைகளில் விளிம்பை முழுவதும் சற்றுத் தேய்த்துச் சமன்செய்து தருவார்கள். விரிசல் கீழ்நோக்கி ஓடியிருந்தால் அந்தக் கோப்பையில் மீண்டும் ஊற்றக் கூடாது. துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேர்க்க வேண்டும். கிரிஸ்டலின் கலவையும் உருகும் வெப்பநிலையும் வேறு என்பதால், மறுசுழற்சிக்குப் போகும் பாட்டில்களோடு கலக்க வேண்டாம்.