கடற்காற்று எத்தனை மணிக்கு? சென்னைக் கோடை நாளைக் காலையிலேயே கணிப்பது எப்படி

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் ‘இன்று எத்தனை டிகிரி’ என்பதைவிட ‘இன்று கடற்காற்று எத்தனை மணிக்கு’ என்பதுதான் உருப்படியான கேள்வி. காற்று பதினொரு மணிக்கே உள்ளே வந்துவிட்டால் வெப்பமானி 35, 36 டிகிரியோடு அடங்கிவிடும். அதே வானம், அதே வெயில், காற்று மட்டும் இரண்டு மணிக்கு வந்தால் 39, 40 என்று ஏறிவிடும். வேலைக்குக் கிளம்புவது, சன்னலை மூடுவது, கூலரைப் போடுவது எல்லாவற்றையும் இந்த ஒரு நேரத்தை வைத்தே திட்டமிடலாம்.

நிலம் சூடேறும்போது கடலிலிருந்து காற்று உள்ளே வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு எதிராக மேற்கிலிருந்து ஒரு காற்று வீசுவதுதான் பாடத்தில் விட்டுப்போன பாதி. நிலம் எவ்வளவு கொதித்தாலும், மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே கணிப்பு என்பது மேற்குக் காற்றின் பலத்தை அளப்பதுதான்.

காலை எட்டரைக்குள் பார்க்க வேண்டியவை

முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். கொடியில் கிடக்கும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது? காற்றே இல்லை, அல்லது தெற்கிலிருந்து லேசாக வருகிறது என்றால் நல்ல சகுனம். கடற்காற்று முற்பகலிலேயே வரக்கூடும். எட்டரைக்கே மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ துணி படபடக்கிறது என்றால் மதியம் ஒரு மணிக்கு முன் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து விண்டி போன்ற ஏதாவது ஒரு காற்று வரைபடச் செயலியைத் திறந்து, உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கல் என்று மாற்றுங்கள். இது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம். அங்கே மேற்குக் காற்றின் வேகம் 15 ‘நாட்’ அளவுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கடற்காற்று தாமதமாகும். 20, 25 என்று போனால் மாலைவரை வராமலே போகலாம். தரைமட்டக் காற்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. காலையில் தரையில் காற்று அசையாமல் இருக்கும். பத்து மணிக்குமேல் தரை சூடாகி மேலும் கீழும் காற்று கலக்கும்போது அந்த மேல்மட்ட மேற்குக் காற்று தரைக்கே இறங்கிவிடும். அனல் காற்று என்று நாம் சொல்வது இதைத்தான்.

மாதத்தையும் கணக்கில் எடுங்கள். மார்ச், ஏப்ரலில் மேற்குக் காற்றுக்குப் பலம் குறைவு. கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்கு முன்பே வந்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி, ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால் மே 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடிந்தது, இனிக் கவலையில்லை என்று நினைப்பது சென்னைக்குப் பொருந்தாது. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி. அது பதிவான நாள் 2003 மே 31, பஞ்சாங்கப்படி கத்திரி கழிந்த பிறகு.

வங்கக் கடலில் மே மாதப் புயல் ஏதாவது உருவாகி, ஒடிசாவுக்கோ வங்கதேசத்துக்கோ மியான்மருக்கோ போனால் இன்னும் கவனம் தேவை. புயலின் இடப்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், நமக்கு வடமேற்குக் காற்றைத் தள்ளிவிடும். மழை அவர்களுக்கு, வெக்கை நமக்கு. புயல் விலகும் நாட்களில் வெளிவேலை எதையும் மதியத்தில் வைக்காதீர்கள்.

காற்று வந்துவிட்டதா என்று உறுதி செய்வது

மீனம்பாக்கம் விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வானிலை அறிக்கை வெளியிடுகிறது. மெட்டார் என்று பெயர். இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் மூன்று எண்களைப் படித்தால் போதும். முதலில் நேரம்: அது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், 0730 என்றால் நமக்கு மதியம் ஒரு மணி. பிறகு காற்று: 28010 என்றால் 280 டிகிரித் திசையிலிருந்து 10 நாட், அதாவது மேற்கிலிருந்து மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். 090 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. கடைசியாக 38/18 போன்ற ஒரு ஜோடி: முன்னது வெப்பம், பின்னது பனிநிலை. பனிநிலை என்பது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதன் அளவு.

கடற்காற்று நுழைந்த அரை மணியில் மூன்றும் ஒன்றாக மாறும். திசை 280-லிருந்து 120-க்குத் தாவும், வெப்பம் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும், பனிநிலை 18-லிருந்து 26, 27-க்கு ஏறும். திசை மட்டும் மாறி பனிநிலை ஏறவில்லை என்றால் நம்பாதீர்கள்; அது சும்மா ஒரு சுழற்சி, திரும்பிப் போய்விடும். மெரினா ஓரத்தில் இருப்பவர்களுக்கு மீனம்பாக்கத்துக்கு முன்பே காற்று கிடைத்திருக்கும். பூந்தமல்லி, தாம்பரம் பக்கம் இன்னும் காத்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் மாலை ஆகிவிடும்.

வந்த பிறகு மாறும் கணக்கு

38 டிகிரி, பனிநிலை 18 என்ற நிலையில் ஈரப்பதம் 31 சதவீதம் சுமாருக்கு இருக்கும். கடற்காற்று வந்து 34 டிகிரி, பனிநிலை 27 ஆனால் ஈரப்பதம் 67 சதவீதம். வெப்பமானி நான்கு டிகிரி இறங்கிவிட்டது. ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் பார்த்தால் 25-க்குக் கிட்டத்தில் இருந்தது 29-க்கு ஏறியிருக்கும். வியர்வை காய்ந்துதான் உடம்பு குளிர்கிறது. அது காய்வது இப்போது கடினம். காற்று மேலே படும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் சுகம். அதே நேரம் அடைத்த அறைக்குள் இருந்தால் முன்பைவிட மோசம். சமையலறை உப்பு ஜாடி நசநசக்க ஆரம்பிக்கும் நேரமும் இதுவே.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது இதிலிருந்து வருகிறது. மேற்குக் காற்று வீசும் பத்து மணி முதல் மேற்கு, வடக்குச் சன்னல்களை மூடித் திரை இழுத்துவிடுங்கள். ஏர் கூலர் வேலை செய்வது இந்த நேரத்தில்தான். பஞ்சு நன்றாக நனைந்திருந்தால் 38 டிகிரிக் காற்றை 28 வாக்கில் தள்ளும். கூலரின் முதுகு திறந்த சன்னலை ஒட்டி இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு சன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். அடைத்த அறையில் ஓட்டினால் அரை மணியில் அறை குளியலறை ஆகிவிடும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே விதி: மேற்குச் சன்னல் ஒன்றை மட்டும் திறந்து அதில் தொங்கவிட்டு, காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள்.

கடற்காற்று வந்ததும் கூலரின் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக மட்டும் ஓட்டுங்கள். தண்ணீரோடு ஓட்டினால் 34 டிகிரிக் காற்று 30 ஆகும்தான். கூடவே ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டும். ‘கூலர் வாங்கி ஏமாந்தோம்’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மாலையில் ஓட்டியவர்கள். கிழக்கு, தென்கிழக்குச் சன்னல்களைத் திறந்து, மேற்கில் ஒரு வழி விட்டு, காற்றை வீட்டுக்குள் ஊடுருவ விடுங்கள். மின்விசிறி 40 டிகிரிக்குக் கீழே உதவும். அறை அதைத் தாண்டிவிட்டால் சுடுகாற்றைத்தான் உடம்பில் கொட்டும்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தனிப் பிரச்சினை. பகலில் தளம் குடித்த வெப்பம் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே காற்று வீசும் இரவு எட்டு மணிக்கும் கூரை தகிக்கிறது. மாடியில் சுண்ணாம்போ வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சோ பங்குனியிலேயே அடித்துவிட வேண்டும். மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

மாலை இடிமழை

கடற்காற்றும் மேற்குக் காற்றும் நகருக்கு மேற்கே மோதும் கோட்டில் மேகம் திரளும். நான்கு மணிக்கு வானிலைத் துறையின் சென்னை ரேடார் படத்தைப் பாருங்கள். திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் மேகத்திட்டுகள் முளைத்து அடுத்தடுத்த படங்களில் கிழக்கே நகர்ந்தால், ஓரிரு மணி நேரத்தில் நகருக்கு வரலாம். மழைக்கு முன் மேற்கிலிருந்து திடீரென்று குளிர்ந்த பலத்த காற்று அடிக்கும். அப்போது மரத்தடியிலும் விளம்பரப் பலகைக்குக் கீழும் நிற்காதீர்கள். மேகம் வடக்கே நகர்கிறது என்றால் ஆசைப்பட வேண்டாம்.

வெளிவேலை, உடம்பு

வெப்ப அலை அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. கடலோரத்துக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு: குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். மே மாதச் சென்னையின் இயல்பே 37-ஐ ஒட்டியது என்பதால், 40 டிகிரி அடித்தும் அறிவிப்பு வராத நாட்கள் உண்டு. இந்தக் கணக்கில் ஈரப்பதம் சேரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

தாமதக் காற்று நாளில் கட்டட வேலை, கூரை வேலை, விநியோகம் எல்லாவற்றையும் பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, காற்று வந்த பிறகு மீண்டும் தொடங்குங்கள். வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். வியர்வை கொட்டும் நாளில் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் இதற்குத்தான். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமதளத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் இவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைவலி, கால் பிடிப்பு, குமட்டல் வந்தால் உடனே நிழல், ஓய்வு, தண்ணீர். பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பத்தாக்கம். வியர்த்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வையோடும் வரும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்திலும் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.