லைம் நோய்க்கு மாத்திரையோடு கஷாயமும்: தவறு நடக்கும் இடங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு லைம் நோயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கனடாவில் ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் பூங்காப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கும் அது தெரிந்த பெயர்தான். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் 1975 வாக்கில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது ஏன் என்று தேடப்போய்த் தெரியவந்த நோய் இது. பரப்புவது கறுப்புக்கால் உண்ணி. அதன் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும், கடித்தாலும் வலிக்காது. கிருமியைக் கண்டறிந்தவர் வில்லி பர்க்டார்ஃபர். அது 1982-ல் உலகுக்குத் தெரிந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மி.கி. தினம் இரு வேளை, 10 நாள். பெரும்பாலோர் அதிலேயே குணமாகிவிடுகிறார்கள்.

இந்த மாத்திரையோடு கஷாயம், யோகா, சத்து மாத்திரை என்று எதையாவது சேர்த்துக்கொள்வது தப்பில்லை. ஆனால் கிருமியைக் கொல்வது ஒரு வேலை, உடம்பைத் தேற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு உதவும் பொருளிடம் முதல் வேலையைக் கொடுக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

முதல் தவறு, தடிப்பு தெரிந்ததும் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருப்பது. கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் மெல்ல விரியும் ஒரு தடிப்பு வரும். படங்களில் காட்டும் சிவப்பு வட்டம் நம் மாநிறத் தோலில் பல நேரம் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ அடிபட்டுக் கன்றியது போலவோ இருக்கும். படர்தாமரை என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். சில வாரங்களில் தடிப்பு மறைந்துவிடும். எதுவுமே பூசாமல் விட்டிருந்தாலும் மறைந்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. குணமாக்கிய பெயர் பூசிய பற்றுக்குப் போய்விடும், கிருமி நரம்புக்கும் மூட்டுக்கும் இதயத்துக்கும் போயிருக்கும். தடிப்பைக் கண்ட அன்றே போனில் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முதல் வாரங்களில் ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். அந்தப் பரிசோதனை தேடுவது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாக நாளாகும். அதனால் தடிப்பு தெளிவாக இருந்தால், பரிசோதனைக்குக் காத்திராமலே டாக்டர் மருந்தைத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது நம் வீடுகளில் அதிகம் நடப்பது, யாரும் தவறென்றே நினைக்காதது. டாக்ஸிசைக்ளின் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றோடு குடலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட மருந்து ரத்தத்துக்குப் போகாது. பாலால் கொஞ்சம்தான் குறைவு. பெரிய தடை, வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட்டும் இரும்பு மாத்திரையும்தான். ஊரிலிருந்து வரும்போது சூட்கேஸில் வரும் சித்த மருந்துகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்: சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் கால்சியம், அயச்செந்தூரம் இரும்பு. ‘ஆன்டிபயாடிக் சூடு, அதைத் தணிக்கக் கூடவே இதையும் சாப்பிடு’ என்று அம்மா போனில் சொல்வது அன்புதான். ஆனால் மாத்திரையில் ஒரு பங்கு வீணாகும். டாக்ஸிசைக்ளினுக்கும் இவற்றுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட வேண்டும். 10 நாள் கோர்ஸ் முடியும்வரை இவற்றை நிறுத்திவைக்க முடிந்தால் இன்னும் எளிது. மாத்திரையை முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகவும் செய்யும். மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகைக்கும் இதே குணம் உண்டு, இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

மருந்து தொடங்கிய முதல் நாள் சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் கூடும். கிருமிகள் சாகும்போது வரும் எதிர்வினை அது, ஒரு நாளில் அடங்கிவிடும். மாற்று மருத்துவம் விற்பவர்கள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, மூலிகைச் சொட்டு மருந்தால் வாரக்கணக்கில் வரும் வாந்தி, தடிப்பு, மஞ்சள் காமாலை வரைக்கும் ‘கிருமி சாகிறது, விடாமல் குடியுங்கள்’ என்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இரண்டாம் வாரத்தில் கண் மஞ்சளானால் அது கல்லீரலின் கூக்குரல். மஞ்சள் சாற்று மாத்திரையாலும் அசுவகந்தாவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே பேச்சில்லை.

மூலிகைச் சாறுகள் லைம் கிருமியைக் கொல்வதாக ஆய்வுக்கூட முடிவுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, கண்ணாடிக் குப்பியில். அதே அடர்த்தி மனித ரத்தத்தில் எட்டுமா, எட்டினால் உடம்பு தாங்குமா என்பது வேறு கேள்வி.

சிகிச்சை முடிந்தும் சிலருக்குச் சோர்வும் உடல்வலியும் மறதியும் மாதக்கணக்கில் தொடரும். அது கற்பனை இல்லை. ஆனால் ஆன்டிபயாடிக்கை நீட்டினால் தீருமா என்று 2001-ல் அமெரிக்காவிலும் 2016-ல் நெதர்லாந்திலும் வெளியான சோதனைகள் பார்த்தன. நீட்டியவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றியதில் குழாய் மூலம் வேறு கிருமி புகுந்து இறந்தவர்கள் உண்டு. லைம் நோய்க்கென்று பிஸ்மத் உலோகத்தை ஊசியாகப் போட்ட ‘பிஸ்மாசின்’ விவகாரத்தில் உயிர் போனபின் 2006-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. தேனீக் கொட்டு வைத்தியம், வெள்ளித் துகள் கலந்த நீர் எல்லாம் இதே பட்டியல்தான். இன்னொன்று: குணமான பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வருடக்கணக்கில் நிற்கும். ‘டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ், எங்கள் பேக்கேஜ் எடுங்கள்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் துணைச் சிகிச்சைக்கு உண்மையான இடம் இருக்கிறது. மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் நடை, மூட்டை வருத்தாத யோகா, மூச்சுப் பயிற்சி, ஒழுங்கான தூக்கம், தேவைப்பட்டால் மன ஆலோசனை. இவை கிருமியைத் தொடாது. அந்த மாதங்களைக் கடக்கக் கைகொடுக்கும். அதற்கு முன் தைராய்டு, ரத்தசோகை போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் லைம் மேல் போடுவதும் தவறுதான்.

டாக்டரிடம் போகும்போது லேகியம், சூரணம், வைட்டமின் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ‘இதெல்லாம் மருந்தா’ என்று விட்டுவிடாதீர்கள். மருந்து எடுக்கும்போதோ அதற்கு முன்போ மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல் வந்தால் கஷாயமும் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். லைம் கிருமி இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடியது. நேராக எமர்ஜென்சிக்குப் போய், உண்ணி கடித்திருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.