சிறிய குவாட்காப்டர் ஓட்டப் பழகுவது எப்படி: பெங்களூருவில் தொடங்குவோருக்கு

பெங்களூருவில் குவாட்காப்டர், அதாவது நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோன், வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது, அதை எங்கே பறக்க விடலாம் என்பதைத்தான். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன, எச்.ஏ.எல். விமான நிலையம், ஜக்கூர் ஓடுதளம், எலகங்கா விமானப்படைத் தளம் ஆகியவை குடியிருப்புகளை ஒட்டியே இருப்பதால், அல்சூரில் மொட்டை மாடி இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து பறக்க விட்டுவிட முடியாது. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். 250 கிராம் வரை எடையுள்ள நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை என்றாலும், மண்டலக் கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். ஆகவே, விசிறிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் உள்ள சிறிய ட்ரோன் ஒன்றை வாங்கி, நாற்காலி மேசைகளை ஒதுக்கிவிட்டு வீட்டுக் கூடத்திலேயே பழகத் தொடங்குவதுதான் நல்லது.

பறக்கும் முன் விசிறிகளைப் பாருங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டும் ஒரே திசையிலும், மற்ற இரண்டும் மறு திசையிலும் சுழல்வதால்தான் ட்ரோன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் நிற்கிறது. இறக்கையில் பொறித்துள்ள ஏ, பி எழுத்துகளைக் கவனிக்காமல் மாற்றிப் பொருத்தினால் அது எழும்பாது, கவிழும். பிறகு சமதளத்தில் வைத்து, கையேட்டில் சொன்னபடி சாய்வையும் சுழற்சியையும் உணரும் கருவியான கைரோவைச் சீரமையுங்கள்.

ரிமோட்டில் பெரும்பாலும் இடது ஸ்டிக் ஏற்ற இறக்கத்துக்கும் நின்ற இடத்திலேயே திரும்புவதற்கும், வலது ஸ்டிக் முன்பின் நகர்வுக்கும் பக்கவாட்டு நகர்வுக்கும் உரியவை.

ட்ரோனின் வால், அதாவது பின்பக்கம், உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்து, இடது ஸ்டிக்கை மெதுவாக உயர்த்துங்கள். தரையை ஒட்டிய உயரத்தில், கீழே தள்ளப்படும் காற்று தரையில் மோதித் திரும்புவதால் அது தடுமாறும். அங்கேயே நிறுத்தப் பார்க்காமல் இடுப்பளவுக்கு ஏற்றிவிடுங்கள். ஒரு பக்கமாக நகரத் தொடங்கினால் எதிர்ப்பக்கம் சிறிதளவே தள்ளி, ஸ்டிக்கை உடனே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது மறுபக்கச் சுவரில் போய் மோதும். அப்படி மோதப் போகிறது என்றால் தயங்காமல் இடது ஸ்டிக்கை முழுவதும் இறக்கிவிடுங்கள். சுழலும் விசிறியுடன் மோதுவதைவிடத் தரையில் விழுவதால் சேதம் குறைவு.

ஓரிடத்தில் நிறுத்தப் பழகிய பின்புதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ட்ரோனின் முகம் உங்களை நோக்கித் திரும்பியதும் அதன் இடமும் வலமும் உங்களுக்குத் தலைகீழாகிவிடுகின்றன. புதியவர்களின் ட்ரோன்கள் அதிகம் விழுவது இந்த நிலையில்தான். இதற்கு ஓர் எளிய வழி உண்டு: அது எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே வலது ஸ்டிக்கைத் தள்ளுங்கள், சரிவு நிமிர்ந்துவிடும். முகம் எந்தத் திசையில் இருந்தாலும் ஸ்டிக்கின் திசையிலேயே நகரச் செய்யும் ஹெட்லெஸ் முறையைத் தொடக்கத்தில் தொடாமல் இருப்பதே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பழகிய கை இந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. வால், பக்கவாட்டு, முகம் என ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தக் கற்ற பிறகு, இரண்டு தண்ணீர் பாட்டில்களைச் சுற்றி எட்டு வடிவில் ஓட்டுங்கள்.

ட்ரோனில் உள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் இருக்கும். எச்சரிக்கை விளக்கு மின்னியதும் இறக்கிவிடுங்கள். சூடு ஆறிய பிறகே, ஆள் பக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் போடுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

அனுமதி உள்ள மைதானத்துக்குப் போகும்போது, காற்று வலுக்கும் முன் காலையிலேயே போய்விடுங்கள். மேலே பருந்துகள் வட்டமிட்டால் காத்திருங்கள், அவை ட்ரோனைத் தாக்குவதுண்டு. காற்று அதை அடித்துச் செல்லத் தொடங்கினால், அதே உயரத்தில் எதிர்த்துப் போராடாமல் முதலில் கீழே இறக்குங்கள். தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவாக இருப்பதால் அங்கிருந்து திரும்பக் கொண்டுவருவது எளிது.