சுவரோடு மடியும் உடற்பயிற்சி பெஞ்ச்: முதல் முறை வடிவமைப்பவர்களுக்கு

மடக்கு கருவி ஒன்றை வடிவமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் அதை விரித்த நிலையில்தான் முதலில் வரைகிறார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். வீட்டில் ஒரு பயிற்சிக் கருவி நாளுக்கு அரை மணி நேரம் விரிந்திருந்தால் பெரிது. மீதி நேரமெல்லாம் அது மடிந்துதான் கிடக்கும். வீட்டில் இருப்பவர்கள் அந்த மடிந்த உருவத்தோடுதான் நாள் முழுக்கப் புழங்க வேண்டும். எனவே மடித்த நிலையை முதலில் வரையுங்கள். அது சரியாக வந்த பிறகு, அதிலிருந்து விரியக்கூடியது என்ன என்று பாருங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. விரிக்க பதினைந்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, கழற்றித் தனியே வைக்க வேண்டிய பாகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு போல்ட்டைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும் என்றால், இரண்டாவது வாரத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது டம்பெல் பயிற்சிக்கான பெஞ்ச். தலைப்பக்கம் சுவரோரத்தில் கீல் போலச் சுழலும், கால்பக்கம் தரையில் ஊன்றும். மேலே தூக்கினால் சுவரோடு நின்றுவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் மர்பி என்பவர் பிரபலப்படுத்திய சுவர்க் கட்டிலும் இதே உத்திதான். சைக்கிள், டிரெட்மில் போன்றவற்றைவிடத் தொடக்கநிலையினருக்கு இது ஏற்றது. மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, ஆனால் மடக்கும் கருவிகளின் எல்லாச் சிக்கல்களும் இதில் உண்டு.

1. இடத்தை அளங்கள்

பெஞ்சுக்கு 1.2 மீட்டர் நீளம். பாதம் ஊன்ற அதற்கு அப்பால் இன்னும் அரை மீட்டர். கைகளை விரித்து டம்பெல் இறக்க, பெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 90 செ.மீ. இந்தச் செவ்வகத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள், பீரோவைத் திறந்து பாருங்கள்.

சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள பகுதியை விட்டுவிடுங்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்ப்பது நல்லது, உள்ளே தண்ணீர்க் குழாய் போயிருக்கலாம்.

2. அடிப்படை அளவுகளை முடிவுசெய்யுங்கள்

இதற்கு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டிகளில் பெஞ்சின் அகலம் 29 முதல் 32 செ.மீ. வரை, உயரம் 42 முதல் 45 செ.மீ. வரை, நீளம் குறைந்தது 1.22 மீட்டர் இருக்க வேண்டும். நாம் அகலம் 300 மி.மீ., உயரம் 430 மி.மீ., நீளம் 1,200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை மட்டும் கூட்டாதீர்கள். அகலமான பெஞ்ச் சொகுசாகத் தெரியும், ஆனால் கையைக் கீழே இறக்கும்போது தோள்பட்டையை இடிக்கும்.

3. சுழலும் அச்சின் இடம்

தொடக்கத்தில் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது, ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பெஞ்சைத் தூக்கி நிறுத்தும்போது மெத்தைப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பும், அடிப்பக்கம் அறையைப் பார்க்கும். எனவே அச்சு போல்ட்டைச் சுவரை ஒட்டி வைத்தால் மெத்தை சுவரில் இடித்துப் பாதியிலேயே நின்றுவிடும். அச்சுக்கு மேலே எவ்வளவு தடிமன் இருக்கிறதோ, அதைவிடக் கூடுதலாக அச்சு சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். 40 மி.மீ. சதுர பைப்பின் நடுவில் போல்ட் போகிறது. அதற்கு மேல் பைப்பில் பாதி 20, ப்ளைவுட் 18, ஃபோம் 40. மொத்தம் 78 மி.மீ. அப்படியானால் 80 போதுமே என்று தோன்றும். போதாது. பைப் அச்சோடு முடிவதில்லை. போல்ட் துளைக்குப் பின்னால் 30 மி.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும், மெத்தையும் அதுவரை வரும். அந்த மெத்தையின் மேல் மூலை அச்சிலிருந்து எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் இங்கே கைகொடுக்கும். 78-இன் வர்க்கம் 6,084, 30-இன் வர்க்கம் 900. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 84 மி.மீ. பெஞ்ச் எழும்பும்போது இந்த மூலை ஒரு வட்டத்தில் சுற்றி, முக்கால் பங்கு தூக்கிய நிலையில் சுவருக்கு மிக நெருக்கமாக வரும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் மட்டும் சரிபார்த்தவர்களுக்கு நடுவில் இடிப்பது தெரியவே தெரியாது. அச்சைச் சுவரிலிருந்து 95 மி.மீ. தள்ளி வையுங்கள். 11 மி.மீ. இடைவெளி கிடைக்கும்.

உயரம் எளிது. மெத்தை மேல்மட்டம் 430, அதில் 78 கழித்தால் அச்சு தரையிலிருந்து 352 மி.மீ. உயரத்தில். மடித்து நிறுத்தினால் உச்சி சுமார் 1,520 மி.மீ., அதாவது ஐந்தடி.

4. அட்டையில் செய்து பாருங்கள்

டிவி வந்த அட்டைப்பெட்டியில் பெஞ்சின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வெட்டுங்கள். இன்னொரு அட்டையில் சுவர்க்கோடு, தரைக்கோடு வரைந்து, அச்சுப் புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்திச் சுழற்றுங்கள். மேலே சொன்ன மூலை சுவர்க்கோட்டை நெருங்கி விலகிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். காலுக்கும் ஓர் அட்டைத் துண்டு, அதற்கும் ஒரு குண்டூசி. ஒரு மணி நேர வேலைதான், ஆனால் பட்டறைக்குப் போன பிறகு ஒரு பைப்பை வெட்டி மறுபடி வெல்டிங் வைக்கும் செலவை மிச்சப்படுத்தும். இதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள்.

5. எடையைத் தரை தாங்கட்டும்

அச்சு போல்ட்டைத் தாங்கும் பட்டையை நேராகச் சுவரில் அடித்துவிடலாம் என்று தோன்றும். கான்கிரீட் சுவர் என்றால் பரவாயில்லை. ஆனால் புதிய அடுக்குமாடிகளில் உட்சுவர்கள் பல ஏஏசி பிளாக்கில் (காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) கட்டப்படுகின்றன. லேசான கல், ஆங்கர் போல்ட் நல்ல பிடிமானம் கொள்ளாது. ஹாலோ பிளாக்கிலும் இதே கதை.

அதனால் 600 மி.மீ. உயரத்தில் இரண்டு 40 மி.மீ. சதுர பைப் தூண்களைச் சுவரோரமாகத் தரையில் நிறுத்துங்கள். அடியில் ஒரு குறுக்குச் சட்டம். ஒவ்வொரு தூணின் உட்பக்கத்திலும் 6 மி.மீ. தடிமன் இரும்புத் தகடு ஒன்றை வெல்டிங் செய்து, அதில் அச்சுத் துளையைப் போடுங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே 310 மி.மீ. இடைவெளி இருந்தால் 300 மி.மீ. பெஞ்ச் வாஷரோடு உட்காரும்.

இதில் கிடைக்கும் லாபத்தைப் பாருங்கள். தலைப்பக்கம் 120 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது தூண் வழியாக நேராகத் தரைக்குப் போகிறது. அச்சு தூணின் நடுவிலிருந்து 75 மி.மீ. முன்னால் இருப்பதால் தூண் முன்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க, 550 மி.மீ. உயரத்தில் தூணைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டுகள் தாங்க வேண்டியது 120 × 75 ÷ 550, அதாவது சுமார் 16 கிலோ இழுவிசை மட்டும். அதற்குக்கூட ஏஏசி சுவரில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசையால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்) போடுங்கள், டிரில்லை ஹாமர் இல்லாமல் ஓட்டுங்கள். செங்கல் சுவரில் துளை கல்லின் நடுவில் விழ வேண்டும், இரண்டு கற்களுக்கு இடையே உள்ள சாந்தில் அல்ல.

தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சுவரை விட்டுச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அளவை எடுத்து, தூணுக்குப் பின்னால் மேலே அதே தடிமனில் ஒரு மரத்துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் தூண் சாய்ந்து நிற்கும். வாடகை வீடு என்றால் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

6. காலை வடிவமைப்பது

கால் பெஞ்சின் இரண்டு பைப்களுக்கும் நடுவே மடங்கட்டும். கால்பக்க முனையிலிருந்து 150 மி.மீ. உள்ளே அதன் அச்சு. அது சுவர்ப்பக்கமாக மடங்கும்படி வைத்தால் ஓர் அருமையான வசதி தானாகக் கிடைக்கும்: பெஞ்ச் நிமிர்ந்து நிற்கும்போது கால் தன் எடையால் தொங்கி உள்ளேயே கிடக்கும். பெஞ்சை இறக்க இறக்க, கால் எப்போதும் செங்குத்தாகவே தொங்கிக்கொண்டு வந்து தரையில் ஊன்ற வரும். ஸ்பிரிங் எதுவும் வேண்டாம்.

ஆனால் செங்குத்தாக ஊன்றும் கால் ஆபத்தானது. ஓர் உதை பட்டால் உள்ளே மடங்கிவிடும். செங்குத்தைத் தாண்டி வெளிப்பக்கமாக 5 டிகிரி, அதாவது பாதத்தில் 30 மி.மீ. அளவு சாய்ந்து, ஒரு குறுக்குச் சட்டத்தில் முட்டி நிற்கும்படி செய்யுங்கள். அப்புறம் நீங்கள் படுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் எடையே காலை அந்த முட்டுக்கு எதிராக அழுத்தும். இதற்கும் மேலே, காலோடு சங்கிலியில் கோத்த ஒரு லாக் பின் கட்டாயம் வேண்டும்.

காலுக்கு 25 மி.மீ. சதுர பைப் போதும். பாதத்தில் 300 மி.மீ. அகலத்துக்கு ஒரு குறுக்குப் பைப் வைத்தால் பெஞ்ச் பக்கவாட்டில் ஆடாது. மடித்த நிலையில் சுவரிலிருந்து நீட்டும் அளவு இதனால் 115-இலிருந்து (அச்சு வரை 95, பைப்பில் பாதி 20) 140 மி.மீ. ஆகும். இந்த 25 மி.மீ.யை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நெஞ்சுக்கு மேல் எடையைப் பிடித்திருக்கும் ஒருவருக்குக் கீழே பெஞ்ச் ஆடவே கூடாது.

7. தாங்குமா?

90 கிலோ ஆள், இரண்டு 15 கிலோ டம்பெல், மொத்தம் 120. தொப்பென்று உட்காருவதற்காக அதை இரட்டிப்பாக்கி 240 கிலோ, ஏறக்குறைய 2,400 நியூட்டன். அச்சுக்கும் காலுக்கும் நடுவே 1.02 மீட்டர். எல்லா எடையும் நட்டநடுவில் விழுந்தால் வளைக்கும் திருப்புத்திறன் 2,400 × 1.02 ÷ 4, அதாவது 612 நியூட்டன் மீட்டர். ஒரு பைப்புக்குப் பாதி. 40×40×2 மி.மீ. பைப்பில் இது சுமார் 83 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) சதுர பைப் 210-க்கு மேல்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். போதும். கடையில் 14 கேஜ் என்று கேளுங்கள், அதுதான் 2 மி.மீ. விலை குறைவு என்று இன்னும் மெல்லிய 18 கேஜ் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. பட்டறை வேலை

பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும், பெஞ்சின் சட்டமும் தூண்களும் ஒரு பைப்பிலேயே அடங்கிவிடும். அச்சுக்கு எம்12 (12 மி.மீ.) போல்ட், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது). கதவுக் கீல் வேண்டவே வேண்டாம். வெல்டரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: போல்ட் போகும் இடத்தில் சதுர பைப்புக்குள் ஒரு சிறு குழாயைக் குறுக்கே செருகி வெல்டிங் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நட்டை முறுக்க முறுக்க பைப் நசுங்கும், துளை பெரிதாகும், சில மாதங்களில் பெஞ்ச் கடகடவென்று ஆடும். எல்லாத் துளைகளும் பெயின்டுக்கு முன்பே முடியட்டும். பிசிறு தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட். திறந்த முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி.

மெத்தைக்கு சோபா ஃபோம் வேண்டாம், முதுகு பலகையில் இடிக்கும். ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) கேட்டு வாங்குங்கள். ப்ளைவுட்டில் டி-நட் (பலகைக்குள் பதியும் நட்) அடித்த பிறகுதான் ஃபோம் ஒட்ட வேண்டும். ரெக்ஸினை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்பிள் செய்தால் முடிந்தது.

9. விரலும் குழந்தையும்

தூண்கள் நீங்கலாக, மடியும் பகுதி 14, 15 கிலோ இருக்கும். நுனியைப் பிடித்துத் தூக்க ஏழு கிலோ அளவு பலம் போதும், ஆனால் அதுவே ஒரு குழந்தையின் தலைமேல் விழுந்தால் விபரீதம். மடித்த நிலையில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் வேண்டும்: 1.4 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள், அதோடு ஒரு கெட்டியான பட்டை. அச்சுப் பக்கத்தில் தகடும் பைப்பும் உரசும் இடைவெளி விரலே நுழையாத அளவு இருக்கட்டும், அல்லது 25 மி.மீ.க்கு மேல் தாராளமாக இருக்கட்டும். நடுத்தரமான இடைவெளிதான் விரலைக் கவ்வும். விற்பனைக்குச் செய்யும் எண்ணம் இருந்தால் ஐஎஸ்ஓ 20957 என்ற சர்வதேசத் தரநிலையைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

10. ஆள் படுக்கும் முன் சோதனை

பெஞ்சின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கீழே கையை விடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு நூலை மறுபடி அளங்கள். பழைய அளவுக்கே திரும்பியிருக்க வேண்டும். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் தெரியும். சுவர் போல்ட்டைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருந்தால் அந்த ஆங்கரைக் கழற்றி, வேறு இடத்தில் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் சரி என்றால் முதல் வாரம் வெறும் கையோடு படுத்து எழுந்து பழகுங்கள், பிறகு டம்பெல். முதல் மாதம் முடிந்ததும் நட்டுகளை ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், புது போல்ட் அந்தக் காலத்துக்குள் கொஞ்சம் தளரலாம்.